கூட்டல் கழித்தல் மூன்று

விடிகாலை நாலரைக்கு விழிப்பு வந்தால்
முன்பெல்லாம் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவேன்.
இப்போது எண்ணைப் பார்க்கிறேன்.

நாற்பத்தெட்டு. நாற்பத்தேழு.
நேற்றும் இதேதான்.
நேற்றைய நாற்பத்தெட்டில் தூங்க முடிந்தது,
இன்றையதில் முடியவில்லை.

விஸ்கான்சினில் அக்டோபர்.
காகித ஆலையின் வெந்த முட்டைகோஸ் வாடை
ஆற்றைத் தாண்டி வந்து திரைச்சீலையில் தங்குகிறது.
பூசணிகளுக்கு நடுவே பெயர்ப்பலகைகள்.
வாண்டர்லூப் வீட்டில் அவர்கள் ஆள்,
ஷோங் வீட்டில் எங்கள் ஆள்,
மூலைவீட்டில் இரண்டும்.
அங்கே இப்போது சமையலும் இரண்டாம்.

பல் மருத்துவரின் வரவேற்பு மேசை என்னுடையது.
வாயைத் திறக்க வருகிறவர்களிடம்
யாருக்கு ஓட்டு என்று கேட்கக் கூடாது, உத்தரவு.
ஆனாலும் எண்ணுகிறேன்:
ஆறு நாற்காலிகளில் தொப்பி இரண்டு, சட்டையில் வில்லை ஒன்று,
மீதி மூவர் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.
அந்த மூவரிடம்தான் எனக்குப் பயம்.

இரவு எட்டுக்கு நாத்தனார் டார்லா.
போனிலேயே போர்க்களம் விரிப்போம்.
அரிசோனாவுக்கு எதற்கு மூன்றாவது தடவை?
அங்கே கள்ளிச்செடிக்கா ஓட்டு?
எங்கள் பக்கம் அனுப்பியது கணவரை.
பொரித்த பாலாடைக்கட்டி தின்று
போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்.
"பால் விலையைப் பேசச் சொல்லு" என்கிறாள் டார்லா,
நான் சொன்னால் கேட்க ஆள் இருப்பதுபோல.
"சொல்றேன்" என்கிறேன், நானும்.
வியூகம் மொத்தமும் தப்பு என்று தீர்மானித்தபின்
ஆளுக்கு இருபத்தைந்து டாலர் அனுப்புகிறோம்.

மதில்மேல் பூனைகள் நாலு சதவீதம் என்கிறது கணிப்பு.
நான் பார்த்த பூனையெல்லாம்
எந்தப் பக்கம் குதிப்பதென்று
ஏறும்போதே தெரிந்துவைத்திருந்தவை.

வியாழக்கிழமை அழைப்பு வந்தது.
சூப் கரண்டியோடு எடுத்தேன்.
"கருத்துக்கணிப்பு. பத்து நிமிஷம் ஆகும், பரவாயில்லையா?"
பத்து நிமிஷமா?
ஏழு மாதமாகத் தயாராக இருக்கிறேன், பெண்ணே.
தொண்டையைச் செருமிக்கொண்டேன்.
வயது? ஐம்பத்தொன்பது.
தட்டச்சும் ஓசை. அப்புறம் அமைதி.
"மன்னிக்கணும், உங்கள் வயதுப் பெண்கள்
போதுமான அளவு கிடைத்துவிட்டார்கள்.
பதினெட்டிலிருந்து முப்பத்துநாலுக்குள்
ஆண் யாராவது வீட்டில்?"

இருக்கிறான்.
பேஸ்மெண்டில், மார்ச் மாதத்திலிருந்து.
ஆலை வேலையும் அந்தப் பெண்ணும்
ஒரே வாரத்தில் போனபிறகு.
வெஸ்லி.
சாப்பிட மேலே வருவான், "நல்லாயிருக்கு" என்பான்.
தேர்தல் என்று வாயெடுத்தால்
தட்டைக் கழுவப் போய்விடுவான்.
இவ்வளவு பளபளப்பான தட்டுகள்
இந்தத் தெருவில் வேறெங்கும் கிடையாது.

போனைக் கொடுத்தேன்.
படியிறங்கினான். கதவு சாத்திக்கொண்டது.
தலைப்படியில் நின்றேன், கரண்டி சொட்டச் சொட்ட.
"ஆமா."
"ஆமா."
"ரொம்ப."
அதற்குள் டிரையர் ஓடத் தொடங்கிவிட்டது.

பத்து நிமிஷம் என்றது இருபத்திரண்டு ஆயிற்று.
இந்த வருஷம் முழுக்கக் கூட்டினாலும்
என்னிடம் அவன் இவ்வளவு பேசியிருக்க மாட்டான்.
போன் சூடாகத் திரும்பி வந்தது.
"என்ன கேட்டாங்க?"
"எல்லாம்தான்" என்றான்.
படியில் பாதி போய், திரும்பாமல்,
"பொறுமையா கேட்டாங்கம்மா."

செவ்வாய்க்கிழமை புது எண்.
நாற்பத்தேழு. நாற்பத்தேழு.
டார்லா போனில் அழுதாள்.
கூட்டல் கழித்தல் மூன்று, அது ஒன்றுமில்லை என்றேன்.
ஆயிரத்து அறுபத்தேழு பேரிடம் கேட்டார்களாம்.
ஆயிரத்து அறுபத்தாறு பேரைப் பற்றி
எனக்குக் கவலையில்லை.

மறுபடி நாலரை.
கீழே கதவிடுக்கில் வெளிச்சம்.
எந்தக் கேள்விக்கு அந்த "ரொம்ப"?
ஓட்டா, விலைவாசியா,
கடந்த மாதத்தில் எத்தனை நாள்
மனம் சரியில்லாமல் இருந்தது என்பதா,
அதெல்லாம்கூடக் கேட்பார்களா அவர்கள்?

இரண்டு படி இறங்கி உட்கார்ந்திருக்கிறேன்.
கையில் போன்.
இன்னும் எண்ணைப் பார்க்கவில்லை.